ஐம்பத்தொன்றைப் பிடித்த கை

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் ருஜேரோ ஸ்தெல்வி. இரண்டாவது ஆள் டைரக்டர் வெட்சானி. மூன்றாவது ஆளின் பெயரை இப்போதே சொல்ல மாட்டேன். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். காது கூர்மை.

ஸ்தெல்வியைத் தெரியாதவர் இருக்க முடியாது. எழுபதுகளில் ரோம் நகரத்துச் சுவரெல்லாம் அவன்தான். மீசை, தோல் கோட்டு, ஒரு பக்கமாகச் சுளித்த வாய், கையில் பெரெத்தா துப்பாக்கி. எல்லாப் படத்திலும் போலீஸ் கமிஷனர். எல்லாப் படத்திலும் மேலதிகாரி அவனைத் திட்டுவார். எல்லாப் படத்திலும் கடைசியில் தனியாகப் போய்ப் பத்துப் பேரைச் சுடுவான். தலைப்பில் ரோம் இருக்கும், ரத்தம் இருக்கும், கமிஷனர் இருப்பார். வரிசை மட்டும் மாறும்.

அந்த ஸ்தெல்வியிடம் அவனுடையது என்று என்ன இருந்தது? குரல் அவனுடையது இல்லை. படப்பிடிப்பில் அவன் வசனமே பேச மாட்டான். முறைத்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவான். பிறகு மிலான்காரன் ஒருவன் இருட்டறையில் உட்கார்ந்து அந்த வாய்க்கு வசனம் பேசுவான். எங்கள் ஊரில் எல்லாப் படமும் அப்படித்தான். கார் ஓட்டியது இன்னொருவன். மாடியிலிருந்து குதித்தது வேறொருவன். முத்தம் மட்டும் அவனே கொடுத்தான். அதற்கு ஆள் வைக்கச் சொல்லி அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

கை என்னுடையது.

என் பெயர் ஓரெஸ்தே பாசெத்தி. பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு கைவிட்டது. துஸ்கொலானா சாலை ஸ்டுடியோக்களில் துப்பாக்கிப் பெட்டி என் பொறுப்பு. பெட்டியில் இருந்ததில் முக்கால்வாசி, 1951ஆம் வருஷத்து பெரெத்தா. நாங்கள் சுருக்கமாக ஐம்பத்தொன்று என்போம். போர் முடிந்தபின் எங்கள் ராணுவத்துக்கென்று செய்த துப்பாக்கி. போலீஸ்காரர்களுக்கும் அதுதான். அது இல்லாமல் கமிஷனர் திரைக்கு வந்தால், கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நிஜப் போலீஸ்காரன் விசிலடித்துக் கேலி செய்வான்.

சினிமாக்காரர்கள் ஐம்பத்தொன்றுக்குச் செய்த அநியாயத்தைச் சொன்னால் உங்கள் வயிறு எரியும். அது எட்டுத் தோட்டா துப்பாக்கி. வெட்சானியின் படம் ஒன்றில் அது மூச்சு விடாமல் இருபத்துமூன்று தடவை சுட்டது.

"தொத்தோரே, எட்டுதான்" என்றேன். கண்ணாடி போட்டவரை எல்லாம் ரோமில் தொத்தோரே என்றுதான் கூப்பிட வேண்டும். டாக்டர் என்று அர்த்தம். ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை.

"ஜனங்க எண்ண மாட்டாங்க ஓரெஸ்தே."

நான் எண்ணினேன். நானும் ஜனம்தானே? கெய்ரோவில் நடக்கும் கதையில் எகிப்துப் போலீஸ் கையில் அதைக் கொடுத்தார்கள். அது நியாயம், எகிப்திலும் அதைச் செய்கிறார்கள். ஆனால் நெப்போலியன் காலத்துக் கொள்ளைக்காரன் இடுப்பில் ஒரு தடவை செருகினார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புகைப்படக் கதைப் பத்திரிகை ஒன்றில், காதலனை மிரட்டும் பெண் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவன் பயந்ததுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, கைக்கு வருகிறேன். ஐம்பத்தொன்றின் பூட்டு மற்றத் துப்பாக்கி மாதிரி இல்லை. பிடியின் மேல் மூலையில் குறுக்காக ஒரு சின்னப் பொத்தான். ஒரு பக்கம் அழுத்தினால் பூட்டு, மறுபக்கம் அழுத்தினால் திறப்பு. பிடியின் அடியில் இன்னொரு பொத்தான். அதை அழுத்தினால் தோட்டாக் கூடு கழன்று கீழே விழும். மொத்தமே இரண்டு பொத்தான். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

ஸ்தெல்வி குழம்பினான். வில்லனின் நெற்றிக்கு நேரே நீட்டி, "ரோம் உன்னை மன்னிக்காது" என்கிற இடத்தில், அதாவது "பதினேழு, பதினெட்டு" என்கிற இடத்தில், தோட்டாக் கூடு அவன் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. ஐந்தாவது தடவை, சாக வேண்டிய வில்லன் சிரித்துவிட்டான். வெட்சானி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஓரெஸ்தே, இவன் கோட்டை நீ மாட்டிக்கோ. கைய மட்டும் நீட்டு."

நீட்டினேன். பெருவிரல் போய்ப் பொத்தானில் தானாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து பத்து வருஷம், முப்பத்தொரு படம். துப்பாக்கியைக் கிட்டத்தில் காட்டும் இடமெல்லாம் என் கை. முகம் அவனுக்கு, பேர் அவனுக்கு, பெண்கள் எழுதும் கடிதம் அவனுக்கு.

எனக்கு ஐம்பத்தொன்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தொழில், தெரியாதா? என் மனைவி பால்மிரா சொல்லிக் கொடுத்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பேசுகிறவளும் பால்மிராதான். அவள் கார்தோனே ஊர்க்காரி. வடக்கே மலைப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி செய்கிற ஊர். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் அங்கே தொழிற்சாலையில் ஐம்பத்தொன்றுக்குப் பொத்தானும் ஸ்பிரிங்கும் கோத்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் வைத்து, விரலை எங்கே வைப்பது என்று காட்டினாள். ஒரே ஒரு ஞாயிறு. சரி, எட்டு ஞாயிறு. அதை ஒரு படிப்பு என்று சொல்ல முடியுமா?

கையை நான் காப்பாற்றியதுதான் படிப்பு. காலையில் எலுமிச்சம்பழம், மாலையில் ஆலிவ் எண்ணெய். எண்ணெய் தேய்ப்பது பால்மிரா. ஒரு கையால் அதே கைக்கு எப்படித் தேய்ப்பது?

"தட்டைக் கழுவேன் ஓரெஸ்தே."

"கை!"

"கரி மூட்டையத் தூக்கேன்."

"கை!"

"பாதிரியார் வந்திருக்கார், எழுந்து கையக் குடு."

"இடது கையக் குடுக்கறேன். கடவுளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். வடக்கத்திக்காரர்கள் சோளக்களி தின்கிறவர்கள். வாய் ஒட்டிக்கொள்ளும் போல.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வாரப் பத்திரிகை வந்தது. எங்கள் வீடு தெஸ்தாச்சோ பேட்டையில், மூன்றாம் மாடி. கீழே வாசல் அறையில் சோரா இனெஸ். ஆணுக்கு சோர், பெண்ணுக்கு சோரா, எங்கள் பேட்டை மரியாதை அது. கட்டடத்தின் காவல்காரி. தபால், தொலைபேசி, வம்பு மூன்றும் அவள் வழியாகத்தான் மேலே வரும். அன்று படிக்கட்டில் பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்துவைத்துப் பத்திரிகையை விரித்துக்கொண்டிருந்தாள். பக்கம் முழுக்க ஒரே ஒரு கை. அதில் ஐம்பத்தொன்று. கீழே கொட்டை எழுத்து. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவளே படித்தாள்.

"'ருஜேரோ சொல்கிறார்: என் கை பொய் பேசாது.' ஆகா, என்னா கை! இந்தக் கையால ஒரு அறை வாங்கினாலும் தகும்."

"அது என் கை" என்றேன்.

சிரிப்பு இரண்டாம் மாடி வரை கேட்டது.

"சோர் ஓரெஸ்தே, அப்போ மீசையும் உங்களுதா?"

"பெருவிரல் கீழ பாருங்க, பிறை மாதிரி தழும்பு. மத்தி மீன் டப்பா கிழிச்சது. என் கையிலயும் பாருங்க!"

"ரோம்ல மத்தி டப்பா கிழிக்காத கை ஏது?"

"ஒரே ராத்திரியில நானா கத்துக்கிட்ட வித்தை இது! யார் கிட்டயும் கத்துக்கல! இதோ பால்மிரா வரா. அவளையே கேளுங்க. பால்மிரா, சொல்லு!"

துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்மிரா ஏறி வந்தாள். பத்திரிகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யார் கிட்டயும் கத்துக்கலையா?"

"அதில்ல இப்போ பேச்சு. கை யாருதுன்னு சொல்லு."

"கை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

எட்டுப் பெண்கள் நடுவே என்னைத் தனியாக விட்டுப் போனாள். பதினாறு வருஷம் நான் சோறு போட்ட... சரி, அவள் சோறு போட்ட புருஷனை.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். என் பேர் திரையில் வர வேண்டும். நாலு பேரோடு கும்பலாக இல்லை. தனியாக. அது வரும்வரை இந்தக் கை நீளாது.

நேரமும் வாகாக அமைந்தது. வெட்சானியின் புதுப் படத்துக்கு ஒரே ஒரு நாள் வேலை பாக்கி, வியாழக்கிழமை. உச்சக்கட்டமே கையில்தான் இருந்தது. கமிஷனர் பூட்டைத் திறக்கிறார், எட்டுத் தோட்டாவையும் சுடுகிறார், துப்பாக்கியின் மேல்மூடி பின்னால் போய்த் திறந்தபடி நிற்கிறது, புகை வருகிறது, படம் முடிகிறது. அன்று சாயங்காலமே செட்டைப் பிரித்துவிடுவார்கள். நான் போகாவிட்டால் படமே கிடையாது.

நானே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் வெட்சானியைப் பார்த்தால் என் முதுகு தானாக வளையும். பத்து வருஷப் பழக்கம். பேரம் பேச பால்மிராதான் சரி. சந்தையில் மீன்காரனை அழவைத்து, அவன் கண்ணீரைத் துடைக்கக் கைக்குட்டையும் அவனிடமே வாங்கியவள். வியாழன் காலையில் என் வலது கைக்கு முழங்கை வரை கட்டுப் போட்டேன். காப்பிப் பாத்திரம் கொட்டி வெந்துவிட்டது என்பது ஏற்பாடு. பேர் கிடைத்த நிமிஷமே ஆறிவிடும். கட்டையும் அவள்தான் போட்டாள்.

"என்ன சொல்லணும்?" என்றாள்.

"முதல்ல பேரு, அப்புறம்தான் கை. அவ்வளவுதான். மறக்காத."

"பேரு எங்க வரணும்?"

"தனியா. திரையில வேற ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"நான் படிச்சு முடிக்கிற வரைக்கும்."

"அப்போ படம் எப்போ ஆரம்பிக்கறது?"

"பால்மிரா!"

"சரி, சரி. எழுத்துல வாங்கிட்டு வரவா?"

"கையெழுத்தோட. முத்திரையோட."

"ஒத்துக்கலைன்னா?"

"ஒத்துக்குவாங்க. ஐம்பத்தொண்ணு பிடிக்க அவங்களுக்கு வேற கை ஏது?"

"அதானே" என்றாள். "வேற கை ஏது." தலையில் துணியைக் கட்டிக்கொண்டு டிராம் ஏறப் போனாள்.

நான் படுத்தேன். ஜெயித்தவன் படுப்பதுபோல் மல்லாக்கப் படுத்தேன். அரை மணிகூட ஆகவில்லை, கதவைத் தட்டாமல் சோரா இனெஸ் நுழைந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு வில்லை.

"கை வெந்துடுச்சாமே! பால்மிரா கீழ சொல்லிட்டுப் போனா. கட்டை அவிழுங்க, உருளைக்கிழங்கு வெச்சா எரிச்சல் எடுத்துரும்."

"வேணாம். எரிச்சல் எனக்குப் பழக்கம்தான்."

"அவிழுங்கன்றேன்!"

அவளுக்கு என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு. கட்டு அவிழ்ந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

"எங்க வெந்திருக்கு?"

"உள்ளுக்குள்ள."

"தோல் அப்படியே இருக்கே?"

"உள்காயம்னு கேள்விப்பட்டதில்லையா நீங்க?"

"சோர் ஓரெஸ்தே, என் ரெண்டு புருஷனும் இதைவிட நல்லாப் பொய் சொல்லிருக்காங்க."

வேறு வழியில்லை, திட்டத்தைச் சொன்னேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். மாலைக்குள் நான்கு மாடியும், எதிர்க் கட்டடமும், முக்குக் கடைக்காரனும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். இனிமேல் பேர் வராவிட்டால் தெஸ்தாச்சோவில் நான் தலை நீட்ட முடியாது. ஆனால் வராமல் எங்கே போகும்?

விளக்கேற்றும் நேரத்துக்குப் பால்மிரா திரும்பினாள். மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். தட்டச்சு செய்த காகிதம். கீழே கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. முத்திரையைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேலே இருந்த எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி ஓடியது.

"படி, படி!"

படித்தாள். "'கமிஷனரின் கை. கைக்கு உரியவரின் பெயர், படத்தின் தொடக்கத்தில், திரையில் தனியாகக் காட்டப்படும்.'"

"தனியாகவா?"

"தனியாத்தான்."

"வெட்சானி என்ன சொன்னார்?"

"ஒலிபெருக்கியத் தூக்கி அடிச்சார். அப்புறம் அவரே போய் எடுத்துக்கிட்டார்."

"காட்சிய எப்போ எடுக்கறாங்க? நாளைக்கு நான் போகணுமா?"

"வேணாம். எடுத்து முடிச்சாச்சு."

"எடுத்தாச்சா? எந்தக் கைய வெச்சு?"

"ஏதோ, அங்க ஒரு கை கெடச்சுது."

காகிதத்தில் இருந்த முத்திரையை மறுபடி பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. விளங்கியதும் சிரித்தேன் பாருங்கள், கட்டில் ஆடியது. வேலை செய்தது எவனோ ஒருவனின் கை. வரப்போவது என் பேர்! கையை நீட்டாமலே ஜெயித்துவிட்டேன்.

"அது தப்பில்லையா ஓரெஸ்தே? கை ஒருத்தருது, பேர் இன்னொருத்தருக்கா?"

"இதுல என்ன தப்பு? அந்தக் கைக்காரன் கேட்டானா?"

"கேக்கலாம்ல."

"கேட்டாப் பாத்துக்கலாம். சினிமா அப்படித்தான். ஏமாந்தவன் கைதான் அது." அவள் பக்கத்தில் வந்து உருளைக்கிழங்குத் தட்டை எடுத்தாள். நான் மூக்கை உறிஞ்சினேன். "என்ன உன்மேல வெடிமருந்து வாசனை?"

"நாள் பூரா அங்க நின்னா ஒட்டாதா?" என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போனாள். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். கண்ணில் நீர் வர வர அந்தக் களியைப் புகழ்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தியாகங்களில் ஒன்று அது.

ஐந்து மாதம் கழித்துப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. கட்டடமே கிளம்பியது. கல்யாணக் கோட்டுப் போட்டேன். பொத்தான் சேரவில்லை, திறந்து விட்டேன். நடுவில் நான், வலப்பக்கம் சோரா இனெஸ், இடப்பக்கம் பால்மிரா. அவள் மடியில் ஊறவைத்த லூபின் பருப்புப் பொட்டலம். உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. ரோம் தெரிந்தது. ஸ்தெல்வியின் பேர் வந்தது. வெட்சானியின் பேர் வந்தது. கும்பல் கும்பலாகப் பேர்கள் வந்தன. பிறகு திரை கறுத்தது. ஒரே ஒரு வரி. வெள்ளை எழுத்து. தனியாக.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து கத்தினார்கள். கத்தட்டும்.

"படிங்க, சோரா இனெஸ்! சத்தமாப் படிங்க!"

சோரா இனெஸ் கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாள்.

"'கமிஷனரின் கை: பால்மிரா பெல்லேரி.'"

நான் நின்றது நின்றபடி இருந்தேன்.

"பெல்லேரியா? அது யாரு பேரு?" என்றாள் சோரா இனெஸ்.

"எங்கப்பா பேரு" என்றாள் பால்மிரா, பருப்பின் தோலைத் துப்பிவிட்டு. "உக்காரு ஓரெஸ்தே, மறைக்குது."

எங்கள் நாட்டில் கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் காகிதத்தில் பெண்ணுக்கு அப்பா வீட்டுப் பேர்தான். கம்பெனிக் குமாஸ்தா அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறான். பாசெத்தி என்ற பேரின் வால்கூடத் திரையில் இல்லை. என் மாமனார் பெல்லேரி, என்னை ரோம் நகரத்துச் சோம்பேறி என்று கல்யாணப் பந்தியிலேயே சொன்னவர். செத்து நாலு வருஷமான மனிதர். அவர் பேர் தெஸ்தாச்சோ கொட்டகையில் ஓடுகிறது!

படம் முழுக்க எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஸ்தெல்வி கார் ஓட்டினான், அதாவது வேறொருவன் ஓட்டினான். யாரோ செத்தார்கள். கடைசியில் அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க ஒரு கை.

என்ன கை அது! விரலெல்லாம் காரத் தண்ணீரில் வெடித்த கோடு. நகம் ஒட்ட வெட்டியது. மணிக்கட்டில் அடுப்புச் சூடு. கணுக்கள் வாதுமைக் கொட்டை மாதிரி. எல்லாப் படத்திலும் மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிற மனுஷனின் கை அதுதான் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பெருவிரல் நகர்ந்தது. தேடவில்லை. தன் வீட்டு விளக்கைப் போடப் போகிற மாதிரிப் போய்ப் பொத்தானை அழுத்தியது. எட்டுத் தடவை சுட்டது. எட்டேதான், நான் எண்ணினேன். மேல்மூடி திறந்தபடி நின்றது. புகை வந்தது. கொட்டகையில் ஒரு தும்மல் இல்லை.

பக்கத்தில் அதே கை பருப்பு உரித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"துரோகி! நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"முதல்ல பேரு, அப்புறம்தான் கைன்னு. அதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை மாத்தல."

"என் பேரு! என் கை!"

"அது நீ சொல்லல. அவங்களும் கேக்கல. உன் கை வெந்துருச்சுன்னு சொன்னேன். அந்த ஸ்தெல்வி தானே பிடிக்கிறேன்னு எடுத்தான். கால்மேல போட்டுக்கிட்டான். மூணு தடவை. கூடு என் செருப்பு கிட்ட வந்து விழுந்துது. எடுத்தேன். உள்ள தள்ளினேன், மூடிய இழுத்தேன், பூட்டினேன், மேஜைமேல வெச்சேன். ஆறு வருஷப் பழக்கம், கண்ணு எங்கயோ இருந்துது. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் மூச்சு விடல. 'இன்னொரு தடவை செய்ங்கம்மா'ன்னார் அந்த தொத்தோரே. முதல்ல பேருன்னேன்."

"வெட்சானி ஒத்துக்கிட்டாரா? உன் கையவா?"

"'பத்து வருஷமா கமிஷனருக்கு மிட்டாய்க் கடைக்காரன் கைய வெச்சு எடுத்திருக்கேனே'ன்னு தலையில அடிச்சுக்கிட்டார்."

மிட்டாய்க் கடைக்காரன்! எலுமிச்சம்பழமும் எண்ணெயும் போட்டு நான் காத்த கையை!

"இதெல்லாம் எதுக்கு பால்மிரா? நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

அவள் நின்றாள். "படிக்கட்டுல எட்டுப் பேர் முன்னாடி யார் கிட்டயும் கத்துக்கலன்னு சொன்ன. எட்டு ஞாயித்துக்கிழமை ஓரெஸ்தே. சமையலும் செஞ்சுக்கிட்டு, உன் விரலப் பிடிச்சுப் பிடிச்சு வெச்சேன். பேர் போடாம விட்டா எப்படி வலிக்கும்னு உனக்கே தெரியும். ஸ்தெல்வியத் திட்டுறியே தினமும்."

அது வேறு, இது வேறு. இதை எத்தனை தடவை விளக்கியும் அவளுக்குப் புரியவில்லை. நாலாவது தடவை விளக்கும்போது எனக்கே கொஞ்சம் குழம்பியது. நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் கணக்கு கணக்குதான். முப்பத்தொரு படத்துக்கு ஸ்தெல்வி எனக்கு ஒரு பேர் பாக்கி. வெட்சானி ஒரு பேர் பாக்கி. பால்மிரா ஒரு பேர் பாக்கி. மூவரிடமும் கேட்டாயிற்று. ஸ்தெல்வி கார்க் கண்ணாடியை ஏற்றினான். வெட்சானி, "உன் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லு" என்றார். பால்மிராவுக்கு அடுத்த படம் வந்துவிட்டது. பேசவே நேரமில்லை.

விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்தக் கட்டடத்தில் முப்பது வருஷம் ஓரெஸ்தே பாசெத்தியாக ஏறி இறங்கியவன் நான். இருக்கிற பேரையாவது எவனும் பறிக்க முடியாது என்று உறுதியாக இருந்தேன். படம் பார்த்து எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, கீழே தொலைபேசி மணி அடித்தது. சோரா இனெஸ் படிக்கட்டுக்கு வந்து, நான்கு மாடிக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"சோர் பெல்லேரி! ஸ்டுடியோவுலேர்ந்து உங்க வீட்டம்மாவைக் கேக்கறாங்க!"

"இதோ வரேன்" என்றேன்.